ஆன்சன் தந்த ஓர் இருக்கை

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



653 என்ற எண்ணோடு இன்றைய பேச்சைத் தொடங்கலாம். 1981 அக்டோபர் 31ஆம் தேதி இரவு, தஞ்சோங் பகாரை ஒட்டியிருந்த ஆன்சன் தொகுதியின் இடைத்தேர்தல் முடிவு வெளியானது. பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினத்துக்கு 7,012 வாக்குகள். மக்கள் செயல் கட்சி வேட்பாளர் பாங் கிம் ஹின்னுக்கு 6,359 வாக்குகள். வித்தியாசம் 653. ஒரு பெரிய திருமண மண்டபத்தில் உட்காரும் கூட்டம்தான் அது. ஆனால் சுதந்திர சிங்கப்பூரில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போவது அதுவே முதல் முறை. 75 இருக்கைகள் கொண்ட மன்றத்தில் 74 பேர் ஒரு பக்கம். மறுபக்கம் கன்னத்தில் அடர்ந்த கிருதாவோடு ஒற்றை மனிதர், 55 வயது யாழ்ப்பாணத் தமிழர், தொழிலால் வழக்கறிஞர்.

வழக்கறிஞர்கள் அரசியலுக்கு வருவது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் வழக்கறிஞராக இருந்துதான் 1847இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அண்மைக் காலத்தில், தமிழ்ப் பெற்றோருக்கு டில்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி என்ற வழக்கறிஞர், இலினாய் மாநிலத்திலிருந்து 2016இல் அதே சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன் இரண்டு முறை அவர் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றவர். இரண்டு தோல்வியைத் தாங்கியதற்கே அவரைப் பாராட்டலாம். ஜெயரத்தினம் தோற்றது ஐந்து முறை.

சிங்கப்பூரிலும் துறைமுகத்துக்கும் வழக்கறிஞர்களுக்கும் பழைய உறவு உண்டு. 1955இல் தஞ்சோங் பகார் தேர்ந்தெடுத்த லீ குவான் யூ, கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். அஞ்சல் ஊழியர் சங்கத்துக்காக வாதாடிப் பெயர் பெற்றவர். பக்கத்துத் தொகுதியான ஆன்சன், 1961 இடைத்தேர்தலில் டேவிட் மார்ஷலைத் தேர்ந்தெடுத்தது. பாட்டாளிக் கட்சியைத் தொடங்கிய அவரும் பெயர் பெற்ற வழக்கறிஞர்தான். அன்றும் ஆளுங்கட்சி தோற்றது, 546 வாக்குகளில். ஆக, ஆன்சன் வாக்காளர்கள் தலைவர்களை ஒருமுறை அதிரவைத்துப் பார்த்தவர்கள்தாம்.

நீதிபதி மேடையிலிருந்து தெருவுக்கு

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் 1926 ஜனவரி 5ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் பிறந்தார். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம். தந்தைக்கு மலாயாவில் பொதுப்பணித் துறையில் வேலை. மலாயாவின் ரயில்வேயிலும் மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தார் நிறைந்திருந்த காலம் அது. பிள்ளை வளர்ந்தது ஜொகூரில். மூவாரிலும் ஜொகூர் பாருவிலும் படித்துவிட்டு, சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளிக்கு வந்தார். இடையில் ஜப்பானியர் ஆட்சி. அப்போது ஜப்பானிய மொழி கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். போர் முடிந்ததும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சட்டம். 1951இல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம். அங்கே பழக்கமான மார்கரெட் என்ற ஆங்கிலப் பெண்மணியே பிறகு மனைவியானார். அவரும் சட்டம் படித்தவர்.

1952இல் சிங்கப்பூர் அரசின் சட்டச் சேவையில் சேர்ந்தார். மாஜிஸ்திரேட், அரசுத் தரப்பு வழக்கறிஞர், உயர் நீதிமன்றப் பதிவாளர், மாவட்ட நீதிபதி என்று 11 ஆண்டுகளில் ஏணியின் பல படிகளை ஏறிவிட்டார். அப்படியே இருந்திருந்தால் மதிப்போடு ஓய்வு பெற்றிருப்பார். 1963இல் வெளியே வந்து தனியாக வழக்காடத் தொடங்கினார். 1968இல் சொந்தச் சட்ட நிறுவனம். 1971இல், பெயரளவில் மட்டுமே உயிரோடிருந்த பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் பொறுப்பை ஏற்றார்.

அன்று எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ளவே ஆளில்லை. பாரிசான் சோஷியலிஸ் உறுப்பினர்கள் 1966இலேயே நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறியிருந்தார்கள். 1968 தேர்தலிலிருந்து எல்லா இருக்கைகளும் ஆளுங்கட்சிக்கே. நல்ல வருமானமுள்ள வழக்கறிஞர் ஒருவர் அந்த நேரத்தில் இப்படி ஒரு கட்சியை எடுத்துக்கொண்டால் உறவினர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1972இல் தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள ஃபேரர் பார்க்கில் தோல்வி. 1976இல் கம்போங் சாய் சீயில் தோல்வி. 1977 இடைத்தேர்தலில் ராடின் மாஸ், 1979 இடைத்தேர்தலில் தெலுக் பிளாங்கா, 1980 பொதுத்தேர்தலில் மறுபடியும் தெலுக் பிளாங்கா. கடைசி மூன்றைக் கவனியுங்கள். மூன்றும் துறைமுகக் கரை. நான்கு ஆண்டுகளாக அதே மக்களிடம், அதே அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில், அவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். 1980இல்தான் மனைவி மார்கரெட் புற்றுநோயில் காலமானார். அந்த ஆண்டின் கடைசியிலும் தேர்தலில் நின்றார், தோற்றார்.

ஆன்சன் ஏன் மாறியது?

ஆன்சன் உறுப்பினராக இருந்த தேவன் நாயர் 1981இல் நாட்டின் அதிபரானதால் இருக்கை காலியானது. முந்தைய ஆண்டு அவர் அங்கே வாங்கியது நூற்றுக்கு 84 வாக்குகள். அப்படிப்பட்ட கோட்டை பத்து மாதங்களில் எப்படிச் சரிந்தது?

கொள்கைக்காக மக்கள் வாக்களித்தார்கள் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். உண்மை இன்னும் அருகில் இருந்தது. பிளேர் பிளெயின் பகுதியில் துறைமுக ஆணையத்தின் குடியிருப்புகளில் அதன் ஊழியர்கள் வாழ்ந்துவந்தார்கள். கொள்கலன் முனையத்துக்கு இடம் தேவை என்று அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆனால் மாற்று வீடு கிடைப்பதில் அவர்களுக்கு முன்னுரிமை தரப்படவில்லை. பேருந்துக் கட்டண உயர்வு வேறு. வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே முதலாளியை நம்பியிருந்த குடும்பங்களின் கவலை அது. சிங்கப்பூரில் வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் ஆளுங்கட்சி மக்கள் நம்பிக்கையைப் பெற்றது. வீட்டில் கை வைத்த இடத்திலேயே அதற்கு அடி விழுந்தது.

இந்த வட்டாரத்தில் தமிழர்களும் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், கிடங்குகளைக் காத்தவர்கள், ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். தஞ்சோங் பகாரில் குடியேறிய கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஜெயரத்தினம் மன்றத்தில் நுழைந்த அதே காலம். அந்தப் பழைய கரையோர வாழ்க்கை கலைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வாக்குகள் விழுந்தன.

மன்றத்தில் தனியாக

ஒரே ஒருவர் என்ன செய்துவிட முடியும்? தீர்மானம் கொண்டுவந்தால் ஆதரித்துப் பேச ஆளில்லை. வாக்கெடுப்பு நடந்தால் முடிவு முன்பே தெரியும். மிஞ்சியிருப்பது கேள்வி கேட்கும் உரிமை ஒன்றுதான். ஜெயரத்தினம் அதை விடவில்லை. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். நீதிமன்றங்கள் சுதந்திரமாக இயங்குகின்றனவா என்று கேட்டார். நீதிபதியாக இருந்தவர் அதைக் கேட்டபோது அரசாங்கத் தரப்புக்குக் கோபம் வந்தது.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. வழக்கறிஞராக நீதிமன்றத்தில் ஆதாரம் வைத்துப் பேசிப் பழகியவர், அரசியல் மேடையில் சில நேரம் சந்தேகத்தையே குற்றச்சாட்டாக வைத்துவிட்டார். நீதித்துறையில் அரசாங்கம் தலையிடுகிறது என்று அவர் சொன்னதை விசாரிக்க 1986இல் ஆணையம் அமைக்கப்பட்டது. நீதிபதி சின்னத்துரை தலைமையிலான அந்த ஆணையம், அதற்குச் சான்றில்லை என்று முடிவு சொன்னது. 1984இல் பொத்தோங் பாசிரில் வென்று இரண்டாவது எதிர்க்கட்சி உறுப்பினராக வந்த சியாம் சீ தோங்கும் வழக்கறிஞர்தான். அவர் வழி வேறு; அளந்து பேசுவார், அடுத்த வீட்டு மாமா மாதிரி. அவரை ஆளுங்கட்சியும் ஓரளவு மதித்தது. ஜெயரத்தினத்துக்கு அந்தக் கலை வரவில்லை, வரவழைத்துக்கொள்ளவும் அவர் முயலவில்லை.

ஆனால் ஆன்சன் மக்கள் ஏமாந்து வாக்களித்தார்கள் என்ற பேச்சுக்கு அதே 1984 டிசம்பர் 22இல் பதில் கிடைத்தது. அவரே மறுபடியும் வென்றார், கூடுதல் வாக்குகளோடு.

ஐயாயிரம் வெள்ளி

இனி வருவதுதான் இந்த வாழ்க்கையின் கனமான பகுதி. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

1970களில் பாட்டாளிக் கட்சி ஓர் அவதூறு வழக்கைப் போட்டுத் தோற்றது. எதிர்த்தரப்பின் செலவுத் தொகையைக் கட்சி கட்டவேண்டியிருந்தது. அந்தக் கடன் நிலுவையில் இருந்தபோது, கட்சிக்கு வந்த மூன்று நன்கொடைக் காசோலைகளை வேறு வழியில் திருப்பிவிட்டுக் கணக்கைத் தவறாகக் காட்டினார்கள் என்று ஜெயரத்தினத்தின் மீதும் கட்சித் தலைவர் வோங் ஹோங் தோய் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. மூன்று காசோலைகளையும் கூட்டினாலும் மூவாயிரம் வெள்ளி வராது.

1984 ஜனவரியில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து இருவரையும் விடுவித்தார். ஒன்றில் மட்டும் அபராதம். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. மறுவிசாரணை நடந்தது. இந்த முறை குற்றவாளி என்று தீர்ப்பு. 1986 நவம்பரில் மேல்முறையீட்டின் முடிவில் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் உறுதியாயின.

சிறையை விட அந்த அபராதம்தான் பெரிய தண்டனை. அன்றைய அரசியல் சட்டப்படி 2,000 வெள்ளியோ அதற்கு மேலோ அபராதம் விதிக்கப்பட்டால் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி போய்விடும்; ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்தலிலும் நிற்க முடியாது. ஒரு மாதம் கழித்துச் சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கு இருக்கை இல்லை. ஆன்சனில் இடைத்தேர்தலும் நடக்கவில்லை. 1988 பொதுத்தேர்தலுக்கு முன் தொகுதியே வரைபடத்திலிருந்து நீங்கி, அக்கம்பக்கத்துத் தொகுதிகளில் கரைந்தது.

1987இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை நீக்கினார்கள். இங்கேதான் கதை ஒரு திருப்பம் கொள்கிறது. தொழில் ஒழுங்கு தொடர்பான வழக்குகளை அப்போது லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டுபோகலாம். ஜெயரத்தினம் கொண்டுபோனார். 1988 அக்டோபரில் பிரிவி கவுன்சில் அவரை மறுபடியும் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. அத்தோடு நிற்காமல், இருவருக்கும் பெரும் அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்றும் எழுதியது.

வென்றுவிட்டார் என்று தோன்றும். ஆனால் பிரிவி கவுன்சில் முன் இருந்தது பட்டியல் நீக்கம் மட்டுமே. குற்றத் தீர்ப்பு அதன் முன் வரவில்லை. ஆகவே தீர்ப்பு அப்படியே நின்றது, தகுதி இழப்பும் நின்றது. மன்னிப்புக் கேட்டு அதிபருக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போடலாம், நாடாளுமன்றத்துக்கு நிற்கக்கூடாது என்ற விசித்திர நிலை. தடை 1991 நவம்பரில் முடிய இருந்தது. பொதுத்தேர்தல் ஆகஸ்ட் 31இலேயே நடந்துவிட்டது.

இந்த விதி இப்போதும் இருக்கிறது, வரம்புதான் மாறியிருக்கிறது. 2022இல் அதை 10,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். 2025 பிப்ரவரியில் பாட்டாளிக் கட்சியின் பிரீத்தம் சிங், நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டுகளில் தலா 7,000 வெள்ளி அபராதம் பெற்றார். பழைய வரம்பு இருந்திருந்தால் அவர் இருக்கை போயிருக்கக்கூடும். அவரும் வழக்கறிஞர் என்பது தற்செயல்தான்.

சொல்லுக்கு விலை

மற்றொரு பக்கம் அவதூறு வழக்குகள். 1976 தேர்தல் மேடைப் பேச்சுக்காக லீ குவான் யூ தொடுத்த வழக்கில் 1,30,000 வெள்ளி இழப்பீடும் செலவும். 1988 தேர்தல் மேடைப் பேச்சுக்காக இன்னொரு வழக்கு, 2,60,000 வெள்ளி. 1997இல் செங் சான் குழுத்தொகுதியில் நின்று தோற்றாலும், நல்ல வாக்குகள் பெற்றதால் தொகுதியில்லா உறுப்பினராக மறுபடியும் மன்றத்துக்குள் வந்தார். அந்தத் தேர்தலின் கடைசி நாட்களில், சக வேட்பாளர் பிரதமர் கோ சோக் தோங்கின் மீதும் மற்றவர்கள் மீதும் போலிசில் புகார் கொடுத்திருக்கிறார் என்று மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு வழக்கு வந்தது. முதலில் 20,000 வெள்ளி என்று வந்த தீர்ப்பு, மேல்முறையீட்டில் 1,00,000 ஆனது.

அமெரிக்காவாக இருந்தால் இவற்றில் பல வழக்குகள் நின்றிருக்காது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கும் சல்லிவன் என்ற அதிகாரிக்கும் நடந்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1964இல் ஒரு விதி வகுத்தது. பொதுப்பதவியில் இருப்பவர் அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமானால், சொன்னவர் பொய் என்று தெரிந்தே சொன்னார் அல்லது உண்மையா என்று கவலைப்படாமலே சொன்னார் என நிரூபிக்க வேண்டும். சிங்கப்பூர் நீதிமன்றங்கள் அந்த வழியை ஏற்கவில்லை. பொதுவாழ்வில் இருப்பவரின் நற்பெயர் காக்கப்படாவிட்டால் நேர்மையானவர்கள் அரசியலுக்கு வரமாட்டார்கள் என்பது ஆளுங்கட்சியின் வாதம். அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் இழப்பீடு ஒருவரின் தவறுக்கு ஏற்றதா, அல்லது அவர் குரலையே அடக்கும் அளவா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

தமிழ் நேயர்கள் கட்டாயம் அறிய வேண்டிய வழக்கு ஒன்று மீதி இருக்கிறது. 1995இல் பாட்டாளிக் கட்சியின் ‘ஹேமர்’ இதழில் தமிழ்மொழி வாரத்தைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை வந்தது. ஏற்பாட்டாளர்களைக் கடுமையாகச் சாடிய கட்டுரை. எழுதியவர் ஜெயரத்தினம் அல்லர். ஆனால் இதழின் பொறுப்பு அவருடையது. ஏற்பாட்டுக் குழுவினர் வழக்குத் தொடுத்து வென்றார்கள். இழப்பீடும் செலவும் லட்சங்களில் ஏறின. தவணை முறையில் கட்டிவந்தவர் 2001இல் தவணை தவறியதால் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டார். நொடித்துப்போனவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது, வழக்கறிஞராகவும் தொழில் செய்ய முடியாது. அமைச்சர்களும் பிரதமர்களும் தொடுத்த வழக்குகளையெல்லாம் தாண்டி நின்ற மனிதரை மன்றத்திலிருந்து கடைசியாக வெளியேற்றியது, தமிழில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை. அதை இரு தரப்பும் நினைத்துப் பார்த்திருந்தால், ஒரு மன்னிப்புக் குறிப்போடு விஷயம் முடிந்திருக்கக்கூடும்.

புத்தகம் விற்ற முதியவர்

2001இன் கடைசியில் பாட்டாளிக் கட்சியிலிருந்தும் விலகினார். அதன்பின் பல ஆண்டுகள் சிங்கப்பூரர்கள் கண்ட காட்சி ஒன்று உண்டு. ரயில் நிலைய வாசலிலோ கடைத்தொகுதி ஓரத்திலோ, கோட்டு அணிந்த ஒரு முதியவர் கையில் புத்தகங்களோடு நிற்பார். தம் நாடாளுமன்ற உரைகள் அடங்கிய நூலை அவரே விற்றார். சிலர் நின்று வாங்கினார்கள். சிலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். முன்னாள் மாவட்ட நீதிபதி ஒருவர் தெருவில் நின்று விற்கிறாரே என்று பரிதாபப்பட்டவர்களும் உண்டு. அவர் பரிதாபத்தைக் கேட்கவில்லை, புத்தகத்தின் விலையைத்தான் கேட்டார்.

2007 மே மாதம், நிலுவையிலிருந்த 2,33,000 வெள்ளிக்கு மேலான தொகையைக் கட்டி முடித்து நொடிப்பு நிலையிலிருந்து மீண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் வழக்கறிஞர் அங்கியை அணிந்தார். வயது 81. பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். 2008இல் சீர்திருத்தக் கட்சி என்ற புதிய கட்சியைத் தொடங்கினார். சில மாதங்களுக்குள், செப்டம்பர் 30ஆம் தேதி, மாரடைப்பில் காலமானார். பிரதமர் லீ சியன் லூங் அவருடைய மகன்களுக்கு அனுதாபக் கடிதம் அனுப்பினார். மூத்த மகன் கென்னத் அடுத்த ஆண்டு அந்தக் கட்சியின் பொறுப்பை ஏற்றார். இளைய மகன் பிலிப் நாவலாசிரியர், வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். பிறகு சிங்கப்பூர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். தந்தை விட்டுவந்த நீதிபதி மேடையில் மகன் அமர்ந்தார்.

ஜெயரத்தினம் அரசாங்கத்தை மாற்றவில்லை. ஆனால் ஆன்சன் முடிவுக்குப் பின் விதிகள் மாறின. தோற்ற எதிர்க்கட்சியினரில் நல்ல வாக்குப் பெற்றவருக்கு இருக்கை தரும் தொகுதியில்லா உறுப்பினர் முறை 1984இல் வந்தது. குழுத்தொகுதி முறை 1988இல் வந்தது. சிறுபான்மையினர் பிரதிநிதித்துவத்துக்காக என்று அரசாங்கம் விளக்கியது. எதிர்க்கட்சிகள் வேறு காரணம் சொல்லின. 1991இல் தஞ்சோங் பகாரும் குழுத்தொகுதியானது.

ஆன்சன் இன்று ஒரு சாலையின் பெயர். இரண்டு பக்கமும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். பக்கத்துத் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 1991 முதல் 2011 வரை ஐந்து பொதுத்தேர்தல்களிலும் போட்டியே இல்லை. பொதுத்தேர்தலில் ஒருமுறைகூட வாக்களிக்காமல் நடுத்தர வயதை அடைந்தவர்கள் அங்கே இருந்தார்கள். லீ குவான் யூ 2015 மார்ச்சில் மறைந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி குழுத்தொகுதியில் முதன்முறையாகப் போட்டி நடந்தது. ஆளுங்கட்சி பெரிய வித்தியாசத்தில் வென்றது. ஆனால் அன்று காலை தஞ்சோங் பகார் மக்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.